இன்னும் ஒரு பயணம் தாங்கும்

லாரியில் இருந்த மக்காச்சோளத்துக்குள் மாதிரி எடுக்கும் குழாயை இறக்கிக்கொண்டிருந்தபோது கர்ட்டின் சட்டைப்பையில் போன் அடித்தது. அறுவடைக் காலத்தில் தானியக் கிடங்கில் யாரும் போனை எடுப்பதில்லை. வெளியே பதினொரு லாரிகள் வரிசையில் நின்றன. ஈரப்பதம் எவ்வளவு என்று கேட்பதற்காக ஒவ்வொரு லாரியிலும் ஒரு தலை ஜன்னலுக்கு வெளியே நீண்டிருந்தது. நியூ மெக்சிகோ எண்ணாக இருந்ததால் எடுத்தான். அப்பாதான் யாரிடமோ போனை இரவல் வாங்கி ஏதோ கேட்கக் கூப்பிடுகிறார் என்று நினைத்தான். அப்பா கூப்பிட்டால் ஏதாவது கேட்பதற்காகத்தான் இருக்கும்.

"ஆர்லன் டெட்மர் உங்களுக்கு யாருங்க?"

"எங்க அப்பா. நீங்க?"

நெடுஞ்சாலைப் போலீஸ்காரர். சின்ன வயதுக் குரல். இதுபோல் அதிகம் பேரிடம் சொல்லிப் பழகியிருக்கவில்லை.

"காலைல எட்டே கால் இருக்கும்ங்க. ரோட்டோரமா, அவரோட ட்ரெய்லர் சக்கரத்துக்குப் பக்கத்துல முட்டி போட்டபடி இருந்தாராம். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. மாரடைப்புன்னு டாக்டர் சொல்றாரு. மன்னிச்சிக்கங்க."

"சக்கரத்துக்குப் பக்கத்துலயா?"

"ஆமாங்க. வலது பக்கம், பின் சக்கரம்."

சக்கரத்துக்கு என்ன ஆயிற்று என்று கர்ட் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி, அந்தப் பையன் அப்போதே பதில் சொல்லியிருப்பான். கர்ட் நன்றி சொல்லிவிட்டு, வண்டியை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொண்டான். பிறகு பாதியில் நின்ற குழாயை மேலே இழுத்தான். கைப்பிடி அளவு சோளம் காலடியில் கொட்டியது.

பத்து நாளைக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை, அப்பா ட்ரெய்லருக்கு அடியில் அட்டையை விரித்துப் படுத்துக்கொண்டு டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வீடு அது. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. வேலையை விட்ட நாள் முதல் ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் அப்பாவும் அம்மாவும் அதை நெப்ராஸ்காவில் இருந்து அரிசோனா வரை இழுத்துப் போவார்கள். இந்த வருடம் அம்மாவுக்கு இரண்டாவது கண்ணில் புரை எடுக்க வேண்டியிருந்தது. அதனால் அப்பா முன்னால் போவது, அம்மா நவம்பரில் விமானத்தில் போய்ச் சேர்வது என்று ஏற்பாடு.

"எட்டு வருஷம் ஆச்சு இந்த டயருங்களுக்கு. நீ என்னடா சொல்றே, மாத்திடலாமா?"

ஆர்லன் டெட்மர் ஒரு மழைக்கோட்டு வாங்க நாலு பேரைக் கேட்பவர். டயர் என்றால் ஊரையே கேட்பார். கர்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஃபுட்பால் ஆட்டம் தொடங்க இருபது நிமிடம் இருந்தது. மாற்றலாம் என்று சொன்னால் பக்கத்து ஊர் டயர் கடைக்குப் போக வேண்டும். நாலு சக்கரத்தையும் கழற்றி மாட்டி முடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். பையில் இருந்து ஒரு சென்ட் காசை எடுத்து டயரின் பள்ளத்தில் தலைகீழாகச் செருகினான். காசில் இருந்த தலை பாதி மறைந்தது. டயர் பட்டன் தேயவில்லை என்று அர்த்தம்.

"பட்டன் புதுசு மாதிரி இருக்குப்பா. இன்னும் ஒரு பயணம் தாங்கும்."

"அப்படியா சொல்றே?"

"தாங்கும்பா."

"சரி. நீ சொன்னா சரி."

ட்ரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை. வருடத்தில் எட்டு மாதம் வெயிலில் சும்மா நின்று, வெளியே பளபளவென்று இருந்துகொண்டே உள்ளுக்குள் உளுத்துப் போகும். அதைக் காசை வைத்துப் பார்ப்பது, ஆளின் தலைமுடியைப் பார்த்து இதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்குச் சமம். இது கர்ட்டுக்குத் தெரியாததில்லை. தெரிந்துதான் சொன்னான். அன்றைக்கு அவனுடைய அணி தோற்கவும் செய்தது.

அம்மா சமையலறையில் நின்றபடியே செய்தியைக் கேட்டாள். வெல்டாவுக்கு எழுபத்து நாலு வயது. புரை எடுத்த கண்ணுக்கு இன்னும் கருப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். ஈரக் கையைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த கையை மறுபடியும் துடைத்தாள்.

"எங்கே இருந்தாராம்?"

"ரோட்டோரமா. ட்ரெய்லர் சக்கரத்துக்குப் பக்கத்துல."

"எந்தச் சக்கரம்?"

வலது பக்கம், பின் சக்கரம் என்று கர்ட் சொன்னான். அந்த நேரத்தில் அது என்ன கேள்வி என்று அவனுக்குத் தோன்றியது. துக்கத்தில் மனிதர்கள் என்னவெல்லாமோ கேட்பார்கள் என்று விட்டுவிட்டான். அவன் மனசு முழுக்க ஒரே படம்தான் ஓடிக்கொண்டிருந்தது. எழுபத்தாறு வயதுக் கிழவர், லாரிகள் பறக்கிற ரோட்டின் ஓரத்தில், வெடித்துக் கிழிந்த டயருக்கு முன்னால் முட்டி போட்டு, இறுகிப்போன நட்டை ஸ்பானரை வைத்து முக்கி முக்கித் திருப்புகிறார். திருப்பத் திருப்ப நெஞ்சு அடைக்கிறது. அந்த நேரத்தில் அவர் யாரை நினைத்திருப்பார்?

உடலைக் கொண்டுவருகிற பொறுப்பை சவ அடக்கக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். வண்டியையும் ட்ரெய்லரையும் குடும்பத்தார் யாராவது நேரில் போய்க் கையெழுத்துப் போட்டு எடுக்க வேண்டும். அம்மா தானும் வருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றதைக் காதில் வாங்கவில்லை. அரைமணி நேரத்தில் எல்டன் பேரன்ஸ் வாசலில் வந்து நின்றார். அப்பாவின் ஐம்பது வருடச் சீட்டாட்டக் கூட்டாளி. பெட்ரோல் செலவாகும் என்று மாவட்ட எல்லையைத் தாண்டாதவர்.

"நான் ஓட்டுறேன்" என்றார்.

"ஒம்பது மணி நேரம்ங்க. நாங்க பிளைட்ல போயிக்கறோம்."

"பிளைட்டாம் பிளைட்டு. நான் ஓட்டுறேன்னு சொல்றேன்ல. விடியக்காலம் அஞ்சு மணிக்கு வருவேன். ரெடியா இருங்க."

வாசல் கம்பளத்தைப் பார்த்தே பேசினார். கர்ட்டின் முகத்தைப் பார்க்கவில்லை. வெல்டாவிடம் ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. போய்விட்டார்.

மறுநாள் கன்சாஸ் முழுக்க மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை என்றே சொல்லலாம். அம்மா முன் இருக்கையில் கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்டன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். பின் இருக்கையில் இருந்த கர்ட் ரோட்டோரத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். நெடுஞ்சாலைகளில் இவ்வளவு கிழிந்த டயர்த் துண்டுகள் கிடக்கும் என்று அதுவரை அவன் கவனித்ததில்லை. கருப்புக் கருப்பாக, உரித்துப் போட்ட தோலாக, மைலுக்கு ஒன்று கிடந்தது. ஒரு பெரிய துண்டு நடுரோட்டிலேயே கிடந்தது. எல்டன் வண்டியை ஒடித்துத் தப்பித்தார்.

"மழை வர்றாப்புல இருக்கு" என்றார் எல்டன். வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருந்தது.

"ஆமா" என்றாள் அம்மா.

கர்ட் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தான். வண்டி நிற்கிற இடத்துக்குப் போனதும் அம்மாவையும் எல்டனையும் ஆபீசில் உட்காரவைத்துவிட வேண்டும். தான் மட்டும் முதலில் போய்ப் பார்க்க வேண்டும். டயர் வெடித்திருந்தால் அம்மாவின் கண்ணில் படுவதற்கு முன்னால் எதையாவது போட்டு மூட வேண்டும். அதற்கப்புறம் என்ன செய்வது? அம்மாவிடம் எப்போதாவது சொல்ல வேண்டியிருக்குமா? சொல்லாமல் இன்னும் முப்பது வருடம் உயிரோடு இருக்க முடியுமா? ஆட்டம் பார்ப்பதற்காக அப்பாவைக் கொன்றவன். இதை எந்த மாதிரி மாற்றிச் சொன்னாலும் அப்படித்தான் வந்தது.

வழியில் இரண்டு மூன்று இடத்தில் நின்று, மதியம் மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கம்பி வேலி போட்ட முற்றம், ஒரு தகரக் கொட்டகை. லியாண்ட்ரோ என்பவர் அந்த இடத்தை நடத்துகிறவர். ரோட்டில் நின்றுபோகிற வண்டிகளை இழுத்து வந்து வைப்பது அவர் தொழில். தொப்பியைக் கழற்றிவிட்டு, "வாங்க, உள்ளே உக்காருங்க, பேப்பரை எடுத்துட்டு வர்றேன்" என்றபடி கேட்டைத் திறந்துவிட்டார். முற்றத்தின் கடைசியில் அப்பாவின் நீல பிக்கப்பும் அதன் பின்னால் ட்ரெய்லரும் நின்றன. இடது பக்கம் இவர்களைப் பார்த்து இருந்தது. இரண்டு சக்கரமும் உருண்டையாக, முழுசாக இருந்தன. வலது பக்கம் அந்தப் புறத்தில் இருந்தது.

"அம்மா, நீ உள்ளே போய் உக்காரு. நான் போயி…"

அம்மா போய்க்கொண்டிருந்தாள். முட்டி வலிக்காரி, கைத்தடியைக் காரிலேயே விட்டுவிட்டு, ஜல்லிக்கல்லின் மேல் அவ்வளவு வேகமாக நடந்தாள். அவளுக்கு முன்னால் எல்டன் போய்க்கொண்டிருந்தார். பட்டப்பகலில் கையில் டார்ச் வைத்திருந்தார். கணவன் கடைசியாகத் தூங்கிய கட்டிலைப் பார்க்கக் கதவைத் திறப்பாள் என்று பார்த்தால், அம்மா கதவைக் கடந்து ட்ரெய்லரின் பின்பக்கமாகச் சுற்றி வலது பக்கம் போனாள். கர்ட் ஓடினான். மூன்றாவதாகத்தான் அவனால் போய்ச் சேர முடிந்தது.

முன் சக்கரம் முழுசாக இருந்தது. பின் சக்கரமும் முழுசாக இருந்தது.

அம்மா செருப்புக் காலால் பின் டயரை ஒரு எத்து எத்தினாள். "காத்து இருக்கு" என்றாள். "கர்ட், நீ அமுக்கிப் பாரு. காத்து இருக்குல்ல?"

கர்ட் கட்டைவிரலால் அமுக்கினான். கல்லாக இருந்தது. எல்டன் தரையில் மல்லாந்து படுத்துத் தலையை உள்ளே விட்டிருந்தார். அவருடைய தொப்பை மட்டும் வெளியே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"உள்பக்கமும் ஒண்ணுமில்ல" என்று அடியில் இருந்து குரல் வந்தது. "நட்டு ஒண்ணு கூட கழட்டல. ஜாக்கி வெச்ச தடம் இல்ல. வெல்டா, ஒண்ணுமே ஆகலம்மா. நாலும் சரியா இருக்கு."

எல்டன் வெளியே வந்தார், ஆனால் எழுந்திருக்கவில்லை. ஜல்லியிலேயே உட்கார்ந்து, டார்ச்சை அணைக்க மறந்து, கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்கிட்ட கேட்டான்" என்றார். "போன வாரம். சீட்டு ஆடிக்கிட்டு இருக்கோம். எனக்கு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற கை வந்திருக்கு. அப்பப் பாத்து சீட்டைக் கவுத்து வெச்சிட்டு, எல்டன், டயரு என்ன பண்ணலாம்ங்கறான். பேச்சு நீண்டா ஆட்டம் கலைஞ்சிரும்னு, தாங்கும் தாங்கும், நீ சீட்டைப் போடுன்னேன். அவ்ளோதான் சொன்னேன். நேத்துல இருந்து எனக்கு ஒரு வாய் சோறு எறங்கல."

அம்மா கருப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். இரண்டு கண்ணும் சிவந்திருந்தன.

"என்கிட்ட மூணு தடவை கேட்டாரு" என்றாள். "மூணாவது தடவை, ஊர் பூரா கேட்டாச்சுல்ல, போதும், முதல்ல கெளம்புங்கன்னு கத்திட்டேன். ஏன் தெரியுமாடா? ரெண்டு வாரம். அந்த ரெண்டு வாரம் வீட்டுல யாரும் என்னை எதுவும் கேக்காம இருப்பாங்கன்னு ஆசைப்பட்டேன். டயர் மாத்தறேன்னு உக்காந்தா இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போகுமேன்னு…" நிறுத்தினாள். "அமைதி வேணும்னு கேட்டேன். கெடச்சிருச்சு."

இப்போது இரண்டு பேரும் கர்ட்டைப் பார்த்தார்கள்.

"ஃபுட்பால் மேட்ச்" என்றான் கர்ட். "இருபது நிமிஷம் இருந்துச்சு."

முதலில் எல்டனுக்குத்தான் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், மூக்கு வழியாக வந்துவிட்டது. "அந்த மேட்சா? அதுல தோத்தாங்களேடா!" என்றார். அம்மா டயரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, பாட்டி வயதில் சிரிக்கக் கூடாத சிரிப்பாக, தோள் குலுங்கச் சிரித்தாள். கர்ட்டும் சிரித்தான். அந்த நிமிடத்தில் அவன் சந்தோஷமாக இருந்தான். அதில் சந்தேகமே இல்லை.

பேப்பரோடு வந்த லியாண்ட்ரோ பத்தடி தள்ளியே நின்றுவிட்டார். சாவு வீட்டுக்காரர்கள் இந்தச் சிரிப்புச் சிரிப்பதை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது.

"டயர் வெடிச்சிருக்கும்னு பயந்துட்டோம்ங்க" என்றான் கர்ட், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ரோட்டோரமா, சக்கரத்துக்குப் பக்கத்துல இருந்தாருன்னு சொன்னதால."

"ரோட்டோரம்னு யாருங்க சொன்னது? வண்டி நெடுஞ்சாலை ஓய்விடத்துல கோடு போட்ட மாதிரி நேரா நின்னுச்சு. சாவி அவர் பையில இருந்துச்சு." லியாண்ட்ரோ பக்கத்தில் வந்தார். "பக்கத்து வண்டியில ஒரு அம்மா காபி குடிச்சிட்டு இருந்தாங்களாம். அவங்க பாத்திருக்காங்க. உங்க அப்பா வண்டியைச் சுத்தி வந்து ஒவ்வொரு டயர்லயும் உள்ளங்கையை வெச்சு சூடு பாத்தாராம். பழைய ஆளுங்க எல்லாரும் அப்படித்தான். எந்த டயர் சூடா இருக்கோ அது போகப்போகுதுன்னு அர்த்தம். மூணைத் தொட்டுட்டு நாலாவதுக்குக் குனிஞ்சாரு, அப்படியே முட்டி போட்டாரு. டயர்ல சாஞ்சுக்கிட்டாரு. ஓய்வெடுக்கறாருன்னுதான் அந்தம்மா நெனச்சாங்களாம். டாக்டர் போலீஸ்கிட்ட சொல்றப்ப நானும் பக்கத்துல இருந்தேன். வீட்டு சோபாவுல உக்காந்திருந்தாலும் இது நடந்திருக்கும்னாரு."

அம்மா அந்த நாலாவது டயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒட்டியிருந்த ஒரு சின்னக் கல்லை நகத்தால் நெம்பி எடுத்துப் போட்டாள்.

லியாண்ட்ரோ குனிந்து டயரின் பக்கவாட்டைத் தடவினார். விரலால் அழுத்தி விரித்தார். தலைமுடி அளவுக் கீறல்கள் வரிவரியாகத் திறந்துகொண்டன.

"ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. தேதி போட்டிருக்கு பாருங்க, எட்டு வருஷ டயர் இது. யார் ஓட்டலாம்னு சொன்னாங்களோ தெரியாது. இவ்ளோ தூரம் வந்ததே அதிர்ஷ்டம். நானா இருந்தா இதைக் கேட்டுக்கு வெளிய விடமாட்டேன்."

மூவரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்கள். சொன்னது தப்புதான். அந்தத் தப்பு அப்பாவைக் கொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் எவ்வளவு பெரிது என்று கர்ட்டுக்குத் தெரிந்தது.

"டயர் கடை இன்னிக்கு லீவு. காலைல எட்டு மணிக்குத்தான் தொறப்பாங்க" என்றார் லியாண்ட்ரோ.

"ஒம்பது மணி நேரம்தானே" என்றான் கர்ட். "இப்பவே கெளம்பி, மெதுவா அம்பதுல போனா…"

சொல்லி முடிப்பதற்குள் தன் காதிலேயே விழுந்துவிட்டது. அம்மா அவனைப் பார்த்த பார்வையில், பத்து வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு நின்றபோது பார்த்த அதே அம்மா இருந்தாள்.

"மாத்து" என்றாள். "நாலையும். இனிமே யாரையும் கேக்காத."

அன்று சாயங்காலம் ஊர் முனையில் இருந்த சாப்பாட்டுக் கடையில் மூன்று பேரும் பச்சை மிளகாய்க் குழம்பும் ரொட்டியும் சாப்பிட்டார்கள். எல்டன் இரண்டு தட்டு சாப்பிட்டார். காரம் தாங்காமல் மூக்கைச் சிந்திக்கொண்டே சாப்பிட்டார்.

"அவருக்கு வேண்டியது பதில் இல்லடா" என்றாள் அம்மா, ரொட்டியைப் பிய்த்தபடி. "முடிவெல்லாம் கேக்கறதுக்கு முன்னாடியே பண்ணியிருப்பாரு. நாம மாத்துன்னு சொல்லியிருந்தாலும் மாத்தியிருக்க மாட்டாரு, அந்தக் கஞ்சன். ஒருத்தர் வீட்டுக்குப் போக ஒரு காரணம் வேணும் அவருக்கு. ‘என்ன சொல்றே’ன்னு கேட்டுட்டு வாசல்ல நின்னு அரைமணி நேரம் பேசலாம்ல."

காலையில் டயர் கடைக்காரன் நாலு சக்கரத்தையும் கழற்றி மாட்ட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எல்டனும் அம்மாவும் காரில் முன்னால் போனார்கள். கர்ட் அப்பாவின் பிக்கப்பில் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு பின்னால் போனான். இருக்கை அப்பாவின் காலுக்குத் தகுந்தபடி முன்னால் தள்ளியிருந்தது. அதைப் பின்னால் நகர்த்தாமல், முட்டி இடிக்க இடிக்க ஓட்டினான்.

"நான் கொல்லல" என்று ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தான். நன்றாக இருந்தது. இன்னொரு தடவை சொன்னான். அப்பா செத்து இரண்டு நாள்தான் ஆகிறது, தனக்கு இவ்வளவு லேசாக இருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. இரண்டு நாளாக அவன் அப்பாவை நினைக்கவே இல்லை, தன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான் என்பது ஓக்லஹோமா எல்லை தாண்டும்போது உறைத்தது. வழியில் ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. இங்கே போடலாமா, அடுத்ததில் போடலாமா? "நீ என்ன சொல்றே?" என்று பக்கத்து இருக்கையைப் பார்த்து வாய் தானாகக் கேட்டது. அங்கே வண்டியை ஓரம் கட்டி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். அழுகை நன்றாக வந்தது. அதில் வேறு எதுவும் கலந்திருக்கவில்லை.

அடக்கம் திங்கட்கிழமை. ஆராதனைக்கு முன்னால் சர்ச்சின் கீழ்த்தளத்தில் காபி வைத்திருந்தார்கள். ஊரே வந்திருந்தது. ட்ரெய்லர் சக்கரத்துக்குப் பக்கத்தில் இறந்தார் என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் வந்தவர்கள் எல்லோரும் சுவரோரமாகவே நின்றார்கள். அம்மாவின் கையைப் பிடித்து இரண்டு வார்த்தை சொல்வது, கர்ட்டைப் பார்க்காமல் ஒதுங்குவது, இப்படியே போய்க்கொண்டிருந்தது. முதலில் முடிவெட்டும் மைலோதான் பக்கத்தில் வந்தார். தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்த டயரு…"

"நாலும் முழுசா இருந்துச்சு" என்றான் கர்ட்.

"நாலுமா?"

"நாலும். சும்மா சூடு பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. அவ்ளோதான்."

மைலோ அவனைக் கட்டிப்பிடித்தார். இருபது வருடமாகக் கர்ட்டுக்கு முடிவெட்டுகிறவர், ஒரு நாளும் கட்டிப்பிடித்ததில்லை. "முடி வெட்டிக்கிட்டே கேட்டாரு. எனக்கு வாசல்ல ஆறு பேரு காத்துக்கிட்டு இருந்தாங்க" என்றார். அதற்கு மேல் சொல்லத் தேவைப்படவில்லை.

அந்தப் பக்கம் எல்டன் காபிக் கெட்டிலுக்குப் பக்கத்தில் நின்று இதையே சொல்லிக்கொண்டிருந்தார். செய்தி கூடம் முழுக்கப் பரவுவதைக் கர்ட் கண்ணால் பார்த்தான். சுவரோரம் நின்றவர்கள் ஒவ்வொருவராக மேசைக்கு வந்தார்கள். தட்டை எடுத்தார்கள். பன்றி இறைச்சி வைத்த ரொட்டியும் உருளைக்கிழங்கும் பரிமாறிக்கொண்டார்கள். சத்தம் கூடியது. யாரோ ஆர்லன் ஒரு சுத்தியல் வாங்க மூன்று மாதம் யோசித்த கதையை எடுத்தார்கள். சிரிப்பு வெடித்தது. அம்மா நடுவில் உட்கார்ந்து, அது சுத்தியல் இல்லை, ஏணி என்று திருத்திக்கொண்டிருந்தாள்.

தபால் ஆபீஸ் லூவான் மட்டும் சிரிக்கவில்லை. "நான் மாத்தச் சொன்னேன்" என்றாள் கர்ட்டிடம். "நான் ஒருத்திதான் சொன்னேன். வேணும்னா கேட்டுப் பாரு."

"நீங்க சொன்னதுதான் சரி. நாங்க மாத்திட்டோம்."

ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த நியாயம் இப்படி வீணாய்ப் போனதே என்ற முகத்தோடு அவளும் கேக் எடுக்கப் போனாள்.

சவப்பெட்டி தூக்குபவர்களின் பெயர்ச் சீட்டைக் கொடுக்கக் கர்ட் மேலே போனான். பீடத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் பாஸ்டர் ஹார்ம்ஸ் அங்கியை மாட்டிக்கொண்டிருந்தார். வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. நகரத்துப் பையன். சைக்கிளைத் தவிர எதற்கும் காற்று அடித்ததில்லை. கையில் பிரசங்கத் தாள்கள் இருந்தன. முகம் தூங்காத முகமாக இருந்தது.

"கர்ட், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். "நான் பேசறதுக்கு முன்னாடி சொல்லிடணும்னு நெனைக்கறேன். போன மாசம் ஆராதனை முடிஞ்சு வாசல்ல கை குலுக்கறப்ப, உங்க அப்பா என்னைக் கேட்டாரு. பாஸ்டர், டயர் மாத்தலாமா வேண்டாமான்னு. பின்னாடி வரிசை நிக்குது. எனக்கு டயரைப் பத்தி என்ன தெரியும்? ‘கர்த்தர் பாத்துக்குவாரு ஆர்லன்’னுட்டேன்." கையில் இருந்த தாள்களைப் பார்த்தார். "அவரு, சரி, நீங்க சொன்னா சரின்னாரு. பிரசங்கத்தோட முதல் ரெண்டு தாளும் இதைப் பத்தித்தான் எழுதியிருக்கேன்."

"பாஸ்டர்" என்றான் கர்ட். "டயருக்கு ஒண்ணும் ஆகல. நாலும் காத்தோட நின்னுச்சு. நானே அமுக்கிப் பாத்தேன். வீட்டுல இருந்திருந்தாலும் நடந்திருக்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

பாஸ்டர் அங்கியின் பொத்தானில் வைத்த கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். "நிஜமாவா?" என்றார். பிறகு திரும்பி, ஜன்னல் பக்கம் பார்த்து, மூக்கைச் சிந்தினார்.

மணி அடித்தது. கர்ட் முன் வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கீழே இருந்தவர்கள் எல்லோரும் மேலே வந்து வரிசை வரிசையாக நிரம்பினார்கள். முதல் பாட்டைப் பாடினார்கள். எல்டன் எப்போதும் போல அரை வரி முன்னால் பாடினார். பெட்டியின் மேல் அம்மா வைக்கச் சொன்ன மஞ்சள் பூக்கள் இருந்தன.

பாஸ்டர் மேடையில் ஏறித் தாள்களை அடுக்கினார். முதல் தாளைப் பார்த்தார். அதை எடுத்து இரண்டாக மடித்து அங்கிக்குள் செருகினார். இரண்டாவது தாளையும் பார்த்தார், அதையும் எடுத்து மடித்துச் செருகினார். மூன்றாவது தாளில் விரலை வைத்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மேலும், அன்பானவர்களே" என்று பிரசங்கத்தைத் தொடங்கினார்.

பிரசங்கம் ‘மேலும்’ என்று தொடங்கியதற்காக யாரும் தலையைத் திருப்பவில்லை.